மனிதாபிமானம்: தயவா, ஹக்கா?

'மனிதாபிமான அடிப்படையில்' என்று நாம் எப்போது சொல்கிறோம்? கடமை இல்லை, இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று காட்ட வேண்டிய இடத்தில்தான். அபிமானம் என்றால் பற்று. மனிதன் என்பதற்காகவே ஒருவர் மீது வைக்கும் பற்று.

ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள் (புகாரி 1312). 'நஃப்ஸ்' என்ற அந்த ஒரு சொல் போதும். கொரோனா காலத்தில், சொந்தங்களே தொடத் தயங்கிய உடல்களை, மதம் பாராமல், அவரவர் முறைப்படி நம் இளைஞர்கள் அடக்கம் செய்தார்களே, அது இந்த ஸுன்னத்தின் வழிதான். அல்ஹம்துலில்லாஹ்.

உயிரோடு இருப்பவரிடம்தான் நமக்குக் கஷ்டம். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். மூட்டை சுமப்பவர் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டால் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, மனிதாபிமானம் என்கிறோம். அவருடைய கூலி பாக்கி நிற்கிறதே! செல்வத்தில் யாசிப்பவருக்கும் ஹக் உண்டு என்கிறான் அல்லாஹ் (51:19). யாசிப்பவருக்கே ஹக் என்றால், உழைத்தவருக்கு? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள் (இப்னு மாஜா).

இன்று ஜும்ஆ முடிந்து போனதும் கணக்கு நோட்டைப் பாருங்கள். முதலில் பாக்கியைத் தீருங்கள். ஐந்நூறு ரூபாயை அதற்குப் பிறகு ஸதகாவாகக் கொடுங்கள்.