கரைசலின் அமிலத் தன்மையும் உப்புப் பகுப்பாய்வும்

கல்லூரியில் கனிம இரசாயனம் பயிலத் தொடங்கும் மாணவர் சோதனைச் சாலையில் முதன்முதலாக எதிர்கொள்ளும் பெரிய பணி, பெயர் தெரியாத ஓர் உப்பில் அடங்கிய அயனிகளைக் கண்டறிவதாகும். இதற்கென வகுக்கப்பட்ட அட்டவணையைப் பெரும்பாலோர் நெட்டுருச் செய்துவிடுகின்றனர். இரண்டாம் தொகுதிக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் சல்பைடும். மூன்றாவதற்கு அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும். நான்காவதற்கு அம்மோனியா கலந்த கரைசலில் மீண்டும் ஹைட்ரஜன் சல்பைடு. ஒரே வாயு இருமுறை செலுத்தப்படுகிறது. ஆயினும் இருமுறையும் வெவ்வேறு உலோகங்கள் வீழ்படிகின்றன. இஃது எவ்வாறு நிகழ்கிறது என வினவினால் விடை கூறுவோர் சிலரே. விடை அறியாதவர் தேர்வில் காட்மியத்தைத் தவறவிடுவது உறுதி.

இம்முறை பழமையானது. ஜெர்மானிய அறிஞர் பிரெசீனியஸ் 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனை ஒழுங்குபடுத்திப் பரப்பியது. அக்காலத்தில் அயனிக் கொள்கையே தோன்றவில்லை. அர்ரீனியஸ் அதனை 1887இல் முழுமையாக வெளியிட்டார். நெர்ன்ஸ்ட் 1889இல் கரைதிறன் பெருக்கம் என்னும் கருத்தை அளித்தார். அனுபவத்தால் சரியெனக் கண்ட முறைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின்னரே காரணம் கிடைத்தது எனலாம்.

இனி சல்பைடுகளைக் கவனிப்போம். உலோக அயனி ஹைட்ரஜன் சல்பைடுடன் வினைபுரிந்து உலோக சல்பைடாக வீழ்கையில் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு வெளிப்படுகின்றன. இவ்வினை மீள்வினை, ஆதலின் கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்தால் சல்பைடு மீண்டும் கரைய முற்படும். சமநிலையில் உலோக அயனியின் செறிவை ஹைட்ரஜன் சல்பைடின் செறிவால் பெருக்கி, ஹைட்ரஜன் அயனிச் செறிவின் இருபடியால் வகுத்தால் ஒரு மாறிலி கிடைக்கும். தாமிர சல்பைடுக்கு இதன் மதிப்பு ஏறத்தாழ 6×10⁻¹⁶. காட்மிய சல்பைடுக்கு 8×10⁻⁷. இரும்பு (II) சல்பைடுக்கு 600. துத்தநாக சல்பைடு இரு படிக வடிவங்களை உடையது. எளிதிற் கரையும் வடிவத்துக்கு 3×10⁻², மற்றதற்கு 2×10⁻⁴.

அறை வெப்பநிலையில் நிறைவுற்ற ஹைட்ரஜன் சல்பைடுக் கரைசலின் செறிவு லிட்டருக்குச் சுமார் 0.1 மோல். அமிலச் செறிவை 0.3 மோல் எனக் கொள்வோம். 0.3இன் இருபடி 0.09, அதனை 0.1ஆல் வகுத்தால் 0.9. எனவே கரைசலில் எஞ்சும் காட்மியத்தின் செறிவு 7×10⁻⁷ மோல் அளவே. தாமிரமோ எஞ்சியதாகவே கூற முடியாது. இரும்புக்கு 540 மோல் என விடை வருகிறது. அத்தகைய செறிவு எந்தக் கரைசலிலும் இருக்கவியலாது. ஆகவே இரும்பு வீழாது என்பதே இதன் பொருள். துத்தநாகம்தான் இடர்ப்பாடானது. எளிதிற் கரையும் வடிவத்தைக் கொண்டு கணக்கிட்டால் 0.03 மோல் வரை கரைசலில் நிற்கலாம். மற்ற வடிவத்தைக் கொண்டால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நிற்காது. நடைமுறையில் அது மெல்லவே வீழ்வதால் நமக்கு அவகாசம் கிடைக்கிறது. தாமிரம் அல்லது பாதரச சல்பைடு வீழ்படிவை வடிகட்டாமல் நெடுநேரம் விட்டுவைத்தால் துத்தநாகமும் அதன்மேல் படிந்துவிடும். வீழ்படிவை உடனே வடிகட்டுக என்னும் கட்டளையின் காரணம் இதுவே.

மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை வேறு. உப்பு எளிதில் கரையாதபோது அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, நீர் சேர்க்க மறந்து, அப்படியே வாயுவைச் செலுத்திவிடுவர். அமிலச் செறிவு 0.3இலிருந்து 3 மோலாக உயர்ந்தால், இருபடியின் விளைவாக எஞ்சும் காட்மியம் 100 மடங்கு பெருகும். அதனினும் முக்கியமாக, மிகுந்திருக்கும் குளோரைடு அயனிகள் காட்மியத்துடன் அணைவு அயனிகளாகச் சேர்ந்து அதனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மஞ்சள் வீழ்படிவு தோன்றாது. இரண்டாம் தொகுதி இல்லை என மாணவர் எழுதிவிடுவார். பின்னர் நான்காம் தொகுதியில் வெண்ணிறத்துக்கு மாறாக மஞ்சள் நிறம் தோன்றித் திகைக்க வைக்கும். வாயுவைச் செலுத்திய கரைசலில் சிறிதளவை எடுத்து நீர் சேர்த்து மீண்டும் வாயுவைச் செலுத்திப் பார்ப்பது இத்திகைப்பைத் தவிர்க்கும் எளிய வழி.

பழைய பாடநூல்கள் இக்கணக்கைச் சல்பைடு அயனியின் செறிவைக் கொண்டு விளக்கின. ஹைட்ரஜன் சல்பைடின் இரண்டாம் பிரிகை மாறிலியை அவை 10⁻¹⁴ அளவில் கொடுத்தன. பிற்கால அளவீடுகள் அது 10⁻¹⁹ போன்ற மிகச் சிறிய எண் எனக் காட்டின. தனித்த சல்பைடு அயனி நீரில் இல்லை என்றே கொள்ளலாம். நூல்களில் கரைதிறன் பெருக்கங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆதலின் ஒரு நூலின் எண்ணை மற்றொரு நூலின் எண்ணோடு கலந்து கணக்கிடுதல் கூடாது.

மூன்றாம் தொகுதியில் பணி எளிது. 0.1 மோலார் அம்மோனியாக் கரைசலில் ஹைட்ராக்சில் அயனிச் செறிவு 1.3×10⁻³. அம்மோனியம் குளோரைடை 1 மோலார் அளவில் சேர்த்தால் பொது அயனி விளைவால் அது 1.8×10⁻⁶ ஆகக் குறைகிறது. மக்னீசியம் 0.1 மோலார் இருப்பினும் அயனிப் பெருக்கம் 3×10⁻¹³ மட்டுமே; மக்னீசியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கமாகிய 5.6×10⁻¹²ஐ அஃது எட்டவில்லை. ஃபெரிக் இரும்புக்கு அப்பெருக்கம் 10⁻³⁹ அளவினது. எனவே அது தப்ப வழியில்லை. ஆயின் முன்னர்ச் செலுத்திய ஹைட்ரஜன் சல்பைடு ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் நிலைக்கு ஒடுக்கியிருக்கும். அந்நிலையில் அது முற்றிலும் வீழும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே கரைசலைக் கொதிக்கவைத்து வாயுவை முழுதும் அகற்றி, அதன் பின்னர் அடர் நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். இவ்வரிசை மாறலாகாது. வாயு எஞ்சியிருக்க அமிலத்தைச் சேர்த்தால் கந்தகம் பிரிந்து கரைசல் கலங்கும். அதில் ஒரு பகுதி சல்பேட்டாக மாறி, ஐந்தாம் தொகுதியில் தோன்றவேண்டிய பேரியத்தை முன்னரே வீழ்த்திவிடும்.

ஹைட்ரஜன் சல்பைடு நஞ்சு என்பதை யாவரும் கேட்டிருப்பர். அழுகிய முட்டையின் நாற்றம் எச்சரித்துவிடும் என எண்ணி அசட்டையாக இருப்போரும் உளர். இந்நம்பிக்கை தவறானது. காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 100 பங்கு அளவை வாயு எட்டும்போது மூக்கின் உணர்ச்சி மழுங்கிவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டதெனத் தோன்றும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம். கிப் கருவி எங்கு வைக்கப்பட்டிருந்தாலும் காற்றை வெளியேற்றும் விசிறி இயங்குகிறதா எனப் பார்த்த பின்னரே அதன் திருகைத் திறக்க வேண்டும். குழாயைக் கழுவித் தொட்டியில் ஊற்றும்போதும் விசிறியை நிறுத்தலாகாது.