தேர்தல் கணக்கை எழுதுமுன் 9 ஓட்டுகளை எண்ணுங்கள்

அறிவியல் பக்கத்துக்காக வாக்களிப்பு முறைகளைப் பற்றி எழுதப் போகிறீர்கள். முதலில் ஒரு தாளை எடுங்கள்.

அலுவலகத்தில் 9 பேர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே டிபனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 4 பேரின் வரிசை இட்லி, பொங்கல், பூரி. 3 பேருக்கு பூரி, பொங்கல், இட்லி. மீதி 2 பேருக்கு பொங்கல், பூரி, இட்லி. முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் இட்லி வெல்லும். கடைசியில் நிற்கும் பொங்கலை நீக்கி, அந்த 2 ஓட்டையும் அடுத்த விருப்பத்துக்கு மாற்றினால் 5-க்கு 4 என்று பூரி. இரண்டிரண்டாக மோதவிட்டாலோ, பொங்கல் இட்லியை 5-4 என்றும் பூரியை 6-3 என்றும் வெல்கிறது. மாறியது எண்ணும் விதி மட்டுமே.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 2009 மேயர் தேர்தல் இப்படித்தான் முடிந்தது. முதல் விருப்பத்தில் முந்தியவர் கர்ட் ரைட். வென்றவர் பாப் கிஸ். இருவரையும் நேருக்கு நேர் வென்றிருக்கக்கூடிய ஆன்டி மான்ட்ரோல் முன்பே நீக்கப்பட்டிருந்தார். மறு ஆண்டே மக்கள் வாக்களித்து, கடைசியில் நிற்பவரை நீக்கி எண்ணும் அந்த முறையைக் கைவிட்டார்கள். இதை ‘தவறான ஆள் ஜெயித்தார்’ என்று எழுதாதீர்கள். எந்த அளவுகோலின்படி தவறு என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

பொருளியலாளர் கென்னத் ஆரோவின் தேற்றம்தான் அதிகம் சிதைபடுவது. ‘ஜனநாயகம் சாத்தியமில்லை’ என்று அவர் நிரூபிக்கவில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள், எப்படி வேண்டுமானாலும் அமையக்கூடிய விருப்ப வரிசைகள். அவற்றை ஒரே பொது வரிசையாக்கும் எந்த விதியிலும் இந்த மூன்று நிபந்தனைகளும் எப்போதும் ஒருசேர நிற்கா: எல்லாரும் ஒன்றையே மேலாகக் கருதினால் முடிவும் அதை மதிக்க வேண்டும், இட்லியா பூரியா என்ற முடிவைப் பொங்கல் பற்றிய கருத்து மாற்றக்கூடாது, ஒரே ஆளின் விருப்பம் எல்லார் மேலும் ஏறக்கூடாது. இடமில்லை என்று இந்த நிபந்தனைகளை வெட்டினால் செய்தியே பொய்யாகிவிடும். வரிசைப்படுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும் முறைகள் இந்தத் தேற்றத்துக்குள் வருவதில்லை. அதற்காக அவை குறையற்றவை என்றும் எழுத முடியாது: தந்திரமாக ஓட்டுப் போடும் வாய்ப்பு அவற்றிலும் உண்டு என்பதை 1973-இல் ஆலன் கிப்பார்ட் காட்டினார்.

பெயரிலும் கவனம் வேண்டும். ‘விருப்ப வாக்கு’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது; அந்தப் பெயருக்குள் வேறு வேறு முறைகள் உண்டு. யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்குவார்கள். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் முதல் இருவரைத் தவிர எல்லாரும் ஒரே வீச்சில் வெளியேறுவார்கள்.

இவ்வளவு கவனமும் தலைப்பில் வீணாகிவிடக்கூடாது; கட்டுரையோடு தலைப்பையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன் அந்தத் தலைப்பை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.