ஐப்பசி மழையில மனசு சோர்ந்து கிடக்கா? வாசல் பூவைக் கொஞ்சம் பாரு!

ஐப்பசி பிறந்தா துணி காயல, பிள்ளைக்குச் சளி, கரன்ட் இல்லன்னு புலம்பவே உனக்கு நேரம் சரியா இருக்கும். அதே மழையிலதான் டிசம்பர் பூவும் செவ்வந்தியும் மொட்டு கட்டுது. மனசு பாரமா இருந்தா மொபைலைத் தேய்க்காம, தொட்டிகிட்ட அஞ்சு நிமிஷம் போய் நில்லு. அதையும் இன்னொரு வேலையா ஆக்கிக்காம இருக்கத்தான் இந்த டிப்ஸ்.

1. ஆசைப்பட்டு ஒரே நாள்ல பத்துச் செடி வாங்கிட்டு வராதே. ரெண்டு போதும். டிசம்பர் பூவுக்குக் காசே வேணாம். பக்கத்து வீட்டுல குச்சி கேட்டு வாங்கி ஊனு, மழை ஈரத்துல வேர் பிடிச்சுக்கும்.

2. உனக்கு ஓய்வு கிடைக்கிற வேளையில பூக்கிற செடியா வை. சாயங்காலம் வீடு திரும்புறவளுக்கு அந்திமந்தாரை. நாலு மணிக்கு மேல விரியும். விதை விஷம், குழந்தை வாயில போடாம பாத்துக்கோ. விடிகாலையில எழுந்துக்கிறவளுக்கு, தரையில இடமிருந்தா பவளமல்லி. விடியறப்போ தானா உதிரும். கீழ பழைய வேட்டியை விரிச்சா, பறிக்கிற வேலை மிச்சம்.

3. செவ்வந்திக்கு மேல ராத்திரி முழுக்க லைட் எரிய விடாதே. இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். லைட்டைப் போட்டுட்டு, உரம் பத்தலன்னு கொட்டிக்கிட்டே இருந்தா எப்படிப் பூக்கும்?

4. மழை நாள்லயும் பழக்கதோஷத்துல தண்ணி ஊத்தாதே. மண்ணுல விரலை விட்டுப் பாரு, ஈரம் பட்டா விட்டுடு. தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டை வாரத்துக்கு ரெண்டு தரமாவது கவிழ்த்துடு. இல்லன்னா டெங்கு கொசு வளரும்.

5. கறிவேப்பிலையில புழுன்னதும் மருந்தைத் தூக்காதே. இலை மேல பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கிறது அநேகமா வண்ணத்துப்பூச்சிப் புழு. வளர்ந்தா பச்சையாயிடும். குச்சியால லேசாத் தொடு. தலைக்குப் பின்னாலேருந்து ரெண்டு கொம்பு நீளும், ஒரு நாத்தமும் வரும். எதிரியை விரட்டுதாம்! நாலு கொத்து இலை போனா போகட்டும்.

6. காசித்தும்பையில முத்தின காயைக் கண்டா விரலால தொடு. பட்டுன்னு வெடிச்சு ஓடு சுருண்டுக்கும், விதை தெறிக்கும். கீழ முறத்தைப் பிடிச்சுக்கிட்டா அடுத்த விதைப்புக்கும் ஆச்சு.

7. வேலியில செங்காந்தள் பூத்திருந்தா நின்னு பாரு. இலை நுனியே சுருண்டு வேலியைப் பிடிச்சு ஏறும். இதழ் மஞ்சளும் பச்சையுமா விரிஞ்சு, போகப்போக சிவக்கும். நம்ம மாநிலப் பூதான், ஆனா கிழங்குலேருந்து விதை வரைக்கும் விஷம். பறிச்சுப் பிள்ளை கையில கொடுக்காதே.

கடைசியா ஒண்ணு. பூவைப் பாத்தா அன்னைக்குப் பொழுது லேசாகும், அவ்வளவுதான். வாரக்கணக்கா தூக்கமும் சாப்பாடும் கெட்டுக் கிடந்தா, செடிகிட்டயே நின்னுக்கிட்டிருக்காம டாக்டரைப் போய்ப் பாரு. சொல்லிட்டேன்!