முதல் ஆல்பத்துக்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

எமோ பாப்பின் தாய்வீடு பங்க் இசை. 1980களின் நடுவில் வாஷிங்டன் நகரத்துப் பங்க் குழுக்கள் சில, ஊரையும் அரசையும் திட்டிக்கொண்டிருந்த அதே கத்தலில் சொந்த மனக்குமுறலைப் பாடத் தொடங்கின. எமோ என்பது அவற்றின் மேல் பிறர் ஒட்டிய பெயர். அந்தக் குழுக்களுக்கே அது பிடிக்கவில்லை. பிறகு பாப் மெட்டும், கூட்டம் சேர்ந்து பாடக்கூடிய பல்லவியும் கலந்து, 2000க்குப் பின் அது பள்ளிப் பிள்ளைகளின் இசையாகப் பரவியது.

அமெரிக்காவின் டென்னஸியில் 2004-ல் உருவான பேராமோர் என்ற எமோ பாப் குழு, அடுத்த ஆண்டே முதல் முழு ஆல்பத்தை வெளியிட்டது. பாடகி ஹேலி வில்லியம்ஸுக்கு அப்போது 16 வயது. ஒலிப்பதிவுக்காக வெளியூர் போன சில நாட்களில், பேஸ் கிட்டார் வாசித்த ஜெரமி டேவிஸ் குழுவை விட்டு விலகினார். குழு அதை மூடி மறைக்கவில்லை. அந்தப் பிரிவையே பாட்டாக்கியது. ஆல்பத்தின் அட்டையில் ஒரு சிவப்பு சோஃபா, அதில் யாரும் இல்லை. பின்னால் விலகிப் போகிற ஒரு நிழல். மொத்தம் 10 பாட்டு, 35 நிமிடத்துக்குச் சற்றே மேல். முதல் ஆல்பத்துக்கு அது தாராளம்.

தமிழில், வேறு இசையில், ஊரைப் பாடுவதிலிருந்து சொந்தக் கதைக்கு வரும் இதே திசையில் நடந்தவர் ராப் பாடகர் அறிவு. திருவள்ளூரைத் தாண்டி மேற்கே போகும் ரயில் பாதையில் உள்ள அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. குழுவைத் தொடங்கிய திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் திருவள்ளூர் மாவட்டத்துக் கர்லபாக்கத்தில் பிறந்தவர். இசையைக் கட்டியவர் டென்மா. கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்த அந்தக் கூட்டத்தில் அறிவும் ஒரு குரல். 2019-ல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குறள்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதுவும் பெரும்பாலும் வெளியே பார்த்துக் கேட்கிற கேள்விதான். 2021-ன் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாள் உள்ளே வந்தார். 2024-ல் வந்த ஆல்பத்துக்கே ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர். மேடையில் ஊருக்காகப் பாடியவர் வீட்டுப் பாட்டியின் பெயருக்கு வந்து சேர ஆறு வருடம் பிடித்தது. அரசியல் எங்கும் போய்விடவில்லை. இப்போது அது பாட்டியின் கைரேகையோடு வருகிறது.

மனசுக்குள் பார்க்கிற பாட்டு என்றதும் புதுக் குழுக்கள் நேரே காதல் தோல்விக்கு ஓடுகின்றன. அந்தக் கடையைச் சினிமா ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிறது. நம் கும்மிடிப்பூண்டியில் வேறு சரக்கு உண்டு: நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்ந்து தூங்குகிறவர், பெர்மனென்ட் ஆனவருக்குப் போனஸும் காண்ட்ராக்ட்காரருக்கு ஸ்வீட் பாக்ஸும் கிடைக்கிற தீபாவளி, இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து, இலங்கையைப் பார்க்காமலே இலங்கைத் தமிழர் என்று பதிவாகும் பிள்ளை. ஆனால் முகாமில் வளராதவர் முகாமைத் ‘தன்’ வலியாகப் பாடினால் இரண்டாவது வரியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அவரவர் பட்டதை அவரவர் எழுதுவதே சரி.

அவசரமும் வேண்டியதில்லை. சென்னையின் எஃப்16ஸ் குழு 2012-ல் சேர்ந்தது, 2013-ல் ஒரு சிறு தொகுப்பு வெளியிட்டது, முதல் முழு ஆல்பத்துக்கு 2016-ல்தான் வந்தது. நாலைந்து பாட்டை முதலில் ஆட்களுக்கு முன்னால் வாசித்துவிட்டால், கூட்டம் எந்த இடத்தில் போனை எடுக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடத்தில்தான் கத்தரி வைக்க வேண்டும். நன்றாக இருந்தும் மற்றவற்றோடு ஒட்டாத பாட்டைத் தனியாக வெளியிட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, காகிதம். ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகமெங்கும் ஓடிய பிறகு, அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது பொதுவெளியில் சர்ச்சையானது. நண்பர்கள்தானே என்று விடுகிற இடத்தில்தான் இது முளைக்கும். வரி யாருடையது, மெட்டு யாருடையது, வரும் பணத்தில் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒலிப்பதிவுக்கு முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பாட்டுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிந்துகொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்