திரையில் முடிந்த கதை ஏட்டில் தொடர்தல்

கதை முடிந்தவிடத்து அதைக் கேட்டோர் உள்ளம் முடிந்துவிடுவதில்லை. "பிறகு என்ன ஆயிற்று?" என்று குழந்தை பாட்டியை வினவுவதும், நூலை மூடிய பின்னரும் கற்றறிந்தோர் அதன் பாத்திரங்களைப் பற்றி உரையாடிக்கொண்டிருப்பதும் ஒரே வேட்கையின் இரு வடிவங்களாம். இவ்வேட்கையைத் தணிக்கக் கதையை ஆக்கியோனே முன்வருவானாயின், ரசிகர் யாவரும் ஒருமுகமாய் மகிழ்வர் என்று நாம் எண்ணுதல் இயல்பு. ஆயின் உலகியல் அவ்வாறன்று. அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சி நாடகமொன்று, நின்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின் சித்திரக் கதையாகத் தொடர்ந்ததும், அதனை அதன் ரசிகர் ஏற்றும் மறுத்தும் நின்றதும் இவ்வுண்மையை நன்கு விளக்குவனவாம். கதை யாருக்கு உரியது என்னும் பழைய வினா இவ்வரலாற்றினுள் பொதிந்து கிடத்தலின், இலக்கிய மாணவர்க்கு இஃது ஆராயத் தக்கதொரு பொருளேயாகும்.

அந்நாடகத்தின் பெயர் 'பஃபி, இரத்தக் காட்டேரிகளைக் கொல்பவள்' என்பது. ஜாஸ் வீடன் என்பார் அதனை ஆக்கினார். 1997-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கி 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற அந்நாடகம், ஏழு பருவங்களில் 144 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. சேரா மிஷெல் கெல்லர் என்னும் நடிகை கதைத்தலைவியாக நடித்தார். பள்ளியிற் பயிலும் ஒரு பெண், பகலிற் பாடமும் இரவிற் பேய்வேட்டையுமாகத் தன் இளமையைக் கழிக்கின்றாள் என்பதே கதையின் கரு. பேய்கள் ஈண்டு வெறும் பேய்களல்ல. வளரிளம் பருவத்தினர் உள்ளத்தை வாட்டும் தனிமை, காதல், இழப்பு, அச்சம் என்பனவே பேயுருக் கொண்டு வந்தன. இதனாலன்றோ பல்கலைக்கழகப் பேராசிரியரும் அந்நாடகத்தைப் பற்றி ஆராய்ச்சி நூல்கள் எழுதலாயினர்.

நாடகத்தின் இறுதிப் பகுதியில், தலைமுறைக்கு ஒருத்திக்கே உரியதாயிருந்த ஆற்றல், அதனைப் பெறும் தகுதியுடைய பெண்கள் அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சன்னிடேல் என்னும் ஊர் நிலத்தினுள் அமிழ்ந்து பெரும்பள்ளமாயிற்று. அப்பள்ளத்தின் விளிம்பில் நின்று பஃபி புன்முறுவல் பூத்தாள், திரை வீழ்ந்தது. இனி அவள் என்ன செய்வாள் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தில் எழுதிக்கொள்ள நான்கு ஆண்டுக் காலம் இருந்தது. 2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டார்க் ஹார்ஸ் என்னும் பதிப்பகம் 'எட்டாம் பருவம்' என்னும் பெயரால் சித்திரக் கதை இதழைத் தொடங்கிற்று. வீடனே முதற் கதையை எழுதி, ஏனையவற்றையும் மேற்பார்த்தார். ஜார்ஜஸ் ஜீன்ட்டி என்பார் பெரும்பாலான இதழ்களுக்குச் சித்திரம் வரைந்தார். 40 இதழ்களாக 2011-ஆம் ஆண்டு சனவரி மாதம் வரை அது நிகழ்ந்தது.

இப்பதிப்பகம் நாடகம் நடைபெற்ற காலத்திலேயே, 1998 முதல், பஃபியைப் பற்றிய சித்திரக் கதைகளை வெளியிட்டு வந்தது. அவற்றைப் பற்றி ரசிகர் பெரிதும் பூசலிட்டாரல்லர். விரும்பினோர் படித்தனர், விரும்பாதோர் விடுத்தனர். எட்டாம் பருவம் வந்தபோது மட்டும் பூசல் எழுந்ததன் காரணம் யாது? நன்னூலார் முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல்களை மூவகைப்படுத்தியதை நாம் அறிவோம். முந்தைய ஏடுகள் சார்புநூல் போல்வன. அவற்றிற் சொல்லப்பட்டது நாடகத்தின் உண்மையைக் கட்டுப்படுத்தாது. எட்டாம் பருவமோ முதனூலாசிரியன் கையாலேயே வந்து, "இதுவும் முதனூலே" என்று உரிமை கொண்டாடிற்று. ஆதலின் அதில் ஒருவர் இறந்தால் அவர் உண்மையாகவே இறந்தார். ஒருவர் வஞ்சித்தால் அவர் உண்மையாகவே வஞ்சித்தார். விருப்பம்போல் விடுத்தற்கு இயலாத இந்நிலைமையே பூசலின் வேர் என்க.

இனி, ரசிகர் கூறியவற்றை வகைப்படுத்திக் காண்போம். முதற்கண் மகிழ்ந்தோர் பலர் என்பதை மறத்தலாகாது. முதலிதழ் ஏறத்தாழ ஓர் இலட்சம் படிகள் விலைபோய், மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் சிறந்த புதுத்தொடருக்குரிய ஐஸ்னர் பரிசும் அதற்குக் கிடைத்தது. அதற்குமுன் சித்திரக் கதை விற்கும் கடையின் படியேறியறியாதார் பலர், பஃபியின் பொருட்டு அங்குப் புகுந்தனர். ஆயினும், நாடகத்தைக் கண்டோர் தொகை பல இலட்சங்களாயிருக்க, ஏட்டினை வாங்கியோர் அதில் ஒரு சிறு பகுதியினரே என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். நாடகம் வீட்டிற்கே தானாக வந்தது. ஏட்டினையோ நாம் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

முதற் குறை, நடிகர் இல்லாமை. நாடகப் பாத்திரம் எழுத்தாளன் ஒருவன் படைப்பன்று. நடிப்போர் குரலும், கண்ணசைவும், சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளியும் சேர்ந்தே அது பிறக்கின்றது. ஏட்டில் அவை இல்லை. சிலர், "எழுத்தைப் படிக்கும்போதே அந்நடிகர் குரல் எம் செவியில் ஒலிக்கின்றது" என்றனர். வேறு சிலர், "ஒலிக்கவில்லை, இவர்கள் எமக்கு அயலார்" என்றனர். ஜோ சென் தீட்டிய முகப்பு ஓவியங்கள் நடிகரின் முகச்சாயலை அப்படியே காட்ட, உள்ளே ஜீன்ட்டியின் கோடுகள் சாயலை மட்டும் சுட்டிச் சென்றமையால், வெளியும் உள்ளும் ஒவ்வவில்லை என்பாரும் இருந்தனர்.

இரண்டாங் குறை, காலம் பற்றியது. நாடகத்தின் ஒரு பகுதி ஏறத்தாழ 42 நிமிடம் ஓடும்; ஆண்டிற்கு 22 பகுதிகள் வரும். மாத இதழோ 22 பக்க அளவினதே. ஒரு கதை முற்றுப்பெற நான்கைந்து திங்கள் காத்திருத்தல் வேண்டும். திரையில் ஒன்பது திங்களில் முடிந்திருக்கக்கூடிய ஒரு பருவம், ஏட்டில் நான்கு ஆண்டுகளை எட்டிற்று. நகைச்சுவையும் துயரமும் அடுத்தடுத்து விரைந்து வருவதே அந்நாடகத்தின் சுவையாதலின், இந்நெடுங்காத்திருப்பில் அச்சுவை ஆறிப்போயிற்று என ரசிகர் வருந்தினர். பின்னர் எட்டுத் தொகுதிகளாக அதனை ஒருசேரப் படித்தோர் சற்றே மென்மையாகப் பேசினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மூன்றாங் குறை, கதையின் பேரளவு. தொலைக்காட்சியிற் பொருட்செலவு என்னும் கடிவாளம் உண்டு. தாளில் அஃது இல்லை. ஒரு நாற்காலியை வரைதற்கும் ஓர் அரக்கியை வரைதற்கும் ஆகும் மை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பஃபி ஸ்காத்லாந்துக் கோட்டையொன்றில் படைத்தலைவியாயினாள். உலகெங்கும் 1,800 பெண்கள் ஆற்றல் பெற்றிருந்தனர். அவள் தங்கை டான் மரங்களினும் உயர்ந்த பேருருக் கொண்டாள். போர் திபெத்து வரை சென்றது. "யாம் விரும்பியது பள்ளி நூலகத்தில் நால்வர் அமர்ந்து பேசும் பேச்சையன்றோ?" என்று கேட்டனர் ரசிகர். வறுமை சில வேளைகளிற் கலைக்கு ஆசானாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நான்காவதும் கடுமையானதும் பாத்திரப் பண்பு பற்றிய குறை. 2008-ஆம் ஆண்டு வந்த 12-ஆம் இதழில், பஃபி தன் படையிலுள்ள சாட்சு என்னும் பெண்ணோடு காதல் கொண்டு கூடியது காட்டப்பட்டபோது, அதனைத் துணிவு என வாழ்த்தினோரும், விற்பனைக்குரிய உத்தி என ஐயுற்றோரும் உளர். ஆயின் பெரும்பூசல் 2010-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. முகமூடியணிந்த பகைவனாகிய 'ட்விலைட்' என்பான் பஃபியின் பழங்காதலன் ஏஞ்சலே என்னும் செய்தி, இதழ் வெளிவருமுன்னரே கசிந்துவிட்டது. ஏஞ்சலுக்கெனத் தனி நாடகம் உண்டு. அதன் தொடர்ச்சியை 2007 முதல் ஐ.டி.டபிள்யூ. என்னும் மற்றொரு பதிப்பகம் வெளியிட்டு வந்தது. ஒரே மனிதன் ஓரேட்டில் நல்லோனாகவும் மற்றோரேட்டில் படுகொலைக்குத் தலைவனாகவும் தோன்றினமையால் ரசிகர் மனம் கலங்கினர். 39-ஆம் இதழிலோ, பஃபிக்குத் தந்தையொத்த ஆசானாகிய ஜைல்ஸை, தீயசக்தி ஆட்கொண்ட அவ்வேஞ்சலே கொன்றான். பதின்மூன்றாண்டு தம்மோடு வாழ்ந்த ஒருவரை இழந்தாற்போல வருந்தினோர் பலர். அன்றோடு ஏட்டினை மூடினோரும் சிலர்.

இவ்விடத்தில் ரசிகரின் மற்றொரு பணியையும் குறித்தல் வேண்டும். அவர்கள் கதையின் நினைவைக் காக்கும் கணக்கர் போன்றவர். நாடகத்தின் ஆறாம் பருவத்தில் வாரன் என்னும் தீயோன் கொல்லப்பட்டான். எட்டாம் பருவத்தில் அவன் உயிரோடு வந்தான். அவன் சாகவேயில்லை என்றது ஏடு. உடனே ரசிகர், "ஏழாம் பருவத்து ஆதித் தீமை இறந்தோர் உருவையன்றிப் பிறருருவை எடுக்கவியலாதே, அது வாரன் உருவை எடுத்ததன்றோ?" என்று சுட்டினர். அவன் ஒரு கணம் இறந்து மீண்டான் என்று விடை கூறப்பட்டது. படைத்தோன் மறந்ததைப் படித்தோர் மறந்திலர். குற்றங் கூறுதல் என்பது பலவிடத்தும் கூர்ந்து கற்றலின் மறுபெயரே என்பதை மாணவர் இதனால் உணர்க.

ரசிகர் குரல் வீண்போயிற்றா? இல்லை. இதழின் இறுதிப் பக்கங்களில் வாசகர் கடிதங்கள் அச்சிடப்பட்டு விடையும் பெற்றன. 40-ஆம் இதழில் வீடன் எழுதிய மடலில், எல்லையற்ற பொருட்செலவு கைவந்த மகிழ்ச்சியில் கதையைப் பெருங்காவியமாக்க முயன்றதையும், தமக்கும் வாசகர்க்கும் உண்மையில் இனியவர் மண்ணில் கால்பதித்த எளிய மாந்தரே என்று உணர்ந்ததையும் ஒளியாது கூறினார். அதற்கேற்ப, 2011-ஆம் ஆண்டு தொடங்கிய ஒன்பதாம் பருவத்தில், பஃபி சான் பிரான்சிஸ்கோ நகரில் வாடகைப் பங்கும் சிறுபணியுமாக வாழும் இளம்பெண்ணாக மீண்டாள். 'ஏஞ்சலும் ஃபெய்த்தும்' என்னும் இணையேட்டில், ஏஞ்சல் தன் குற்றத்திற்குக் கழுவாய் தேடி ஜைல்ஸை உயிர்ப்பிக்க முயன்றான். அவரும் சிறுவனுருவில் மீண்டார். தொடர் 2018-இல் பன்னிரண்டாம் பருவத்தோடு நிறைவுற்றது. 2019 முதல் வேறொரு பதிப்பகம் பழங்கதையைத் தொடராது, முதலிலிருந்து புதிதாகத் தொடங்கிற்று.

இத்தகைய பூசல் புதியதன்று. 1893-ஆம் ஆண்டில் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தியபோது ஆங்கில நாட்டு வாசகர் கொதித்தனர். 1903-இல் ஆசிரியர் அவரை உயிரோடு மீட்டார். 1911-இல் ரொனால்ட் நாக்ஸ் என்னும் அறிஞர், விவிலிய ஆராய்ச்சி முறையைப் பகடிபோல் ஹோம்ஸ் கதைகளுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை படித்தார். அதன்பின் திருமறைத் தொகுப்பைக் குறிக்கும் 'கேனன்' என்னும் சொல், கதைகளுக்கும் வழங்கலாயிற்று. எது மெய்க்கதை, எது அன்று என்று பஃபியின் ரசிகர் வாதிட்டபோது அச்சொல்லையே கையாண்டனர்.

ஆக, கதை யாருக்கு உரியது? சட்டத்தால் உரிமையாளர்க்கு உரியது. ஆக்கத்தால் ஆசிரியர்க்கும் நடிகர்க்கும் உரியது. நினைவால் வாசகர்க்கு உரியது. இம்மூன்றும் மோதும்போது ஒன்றை மட்டும் உயர்த்துதல் நடுவுநிலைமையாகாது. "என் கதையை நான் விரும்பியவாறு எழுதுவேன்" என்று ஆசிரியன் கூறுதல் முறையே. அவனை நம் விருப்பத்திற்கு அடிமையாக்கினால் அவன் புதிதாக ஒன்றும் சொல்லான். அங்ஙனமே, "இத்தொடர்ச்சி என் உள்ளத்துப் பஃபிக்குப் பொருந்தாது, எனக்குக் கதை அப்பள்ளத்தின் விளிம்பிலேயே முடிந்தது" என்று வாசகன் கூறுதலும் முறையே. எவ்வேடும் அவன் முன்பு பெற்ற இன்பத்தைப் பறித்தல் இயலாது. ஆயின் தான் ஏற்காததைப் பிறர் ஏற்று மகிழ்வதைப் பழித்தற்கு அவனுக்கு உரிமையில்லை.

எனவே, இலக்கியம் பயிலும் மாணவ நண்பர்கள் ஒரு நூலின் தொடர்ச்சியைக் காணுங்கால் மூன்று வினாக்களை எழுப்புவாராக: பாத்திரங்களின் பண்பு காக்கப்பட்டதா? புதிய கருவியின் ஆற்றல் கதைக்குப் பணிசெய்ததா, அன்றிக் கதை கருவிக்குப் பணிசெய்ததா? முன்பு முடிந்த முடிவினும் இப்பொழுது நாம் மிகுதியாக எதையேனும் உணர்ந்தோமா? இவற்றிற்கு நேர்மையாக விடை காண்போர், புகழினும் இகழினும் தம் அறிவிற்குத் துரோகம் இழையாதவராவர்.