கசப்பு வேர் தரும் சமாதானம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

மனிதர் கூடி வாழும் இடமெல்லாம் பூசலும் உண்டு; அதைத் தீர்க்கும் வழியும் உண்டு. காவல் நிலையமும் நீதிமன்றமும் தோன்றுமுன்னரே ஒவ்வொரு மக்களினமும் தனக்கென ஒரு நெறியை வகுத்துக்கொண்டது. ஆப்பிரிக்காவில், உகாண்டா நாட்டின் வடபகுதியில் வாழும் அச்சோலி மக்களின் நெறிக்கு 'மாட்டோ ஓபுட்' என்று பெயர். 'ஓபுட்டைப் பருகுதல்' என்பது இதன் பொருள். ஓபுட் ஒரு மரம். அதன் வேர் மிகவும் கசக்கும். மன்னிப்பது என்றால் நடந்ததை மறந்துவிடுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அஃது அப்படியன்று என்பதை இம்மக்களிடம் கற்கலாம்.

கொலையும் விலக்கும்

அச்சோலி மக்கள் குலம் குலமாக வாழ்பவர்கள். ஒரு குலத்தவன் மற்றொரு குலத்தவனைக் கொன்றுவிட்டால், வேண்டுமென்றே செய்தாலும் தவறுதலாக நேர்ந்தாலும், அந்தப் பழி அவனோடு நிற்பதில்லை. அவன் குலம் முழுவதையும் சாரும். அன்றுமுதல் இரு குலத்தாரும் சேர்ந்து உண்பதில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. பழி தீராவிடில் இறந்தவரின் ஆவி அமைதியடையாது, கொன்றவன் வீட்டாரைத் துன்பம் தொடரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

உண்மையும் ஈடும்

இந்நிலையில் முதியோர் நடுநின்று இரு பக்கமும் சென்று பேசுவர். இது ஒரு நாளில் முடியும் செயலன்று. முதலில், கொன்றவனும் அவன் குலத்தாரும் நடந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து ஈடு கொடுக்க வேண்டும். முற்காலத்தில் ஒரு பெண்ணையே ஈடாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அவள் பெறும் பிள்ளை இறந்தவனுக்கு மாற்றாகக் கருதப்பட்டது. தான் செய்யாத குற்றத்திற்கு ஒரு பெண் விலையாவது எவ்வளவு கொடுமை! பிற்காலத்தில் மாடுகளும் பணமும் அவ்விடத்தைப் பெற்றன. பழமை என்பதற்காக எல்லாவற்றையும் போற்ற வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஒரே சுரைக்குடுவை

ஈடு முடிவானபின் சடங்கு நடைபெறும். இடத்திற்கு இடம் இதில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஓர் ஆடும் ஒரு வெள்ளாடும் வெட்டப்பட்டு, பாதிப் பாதியாக இரு குலத்தாரும் மாற்றிக்கொள்வர். ஓபுட் வேரை இடித்து, உள்ளூர்ப் பானத்தில் கலந்து, ஒரு சுரைக்குடுவையில் வைப்பர். கொன்றவன் பக்கத்தவர் ஒருவரும் இறந்தவர் பக்கத்தவர் ஒருவரும் எதிரெதிரே மண்டியிட்டு, கைகளைப் பின்னே கட்டி, தலையோடு தலை தொட ஒரே நேரத்தில் குனிந்து பருகுவர். பின்னர் அனைவரும் சேர்ந்து உண்பர். அத்துடன் விலக்கு நீங்கும்.

தோழியரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குற்றம் செய்தவன் மட்டுமன்றி, இழந்தவனும் அக்கசப்பைப் பருகுகிறான். மன்னிப்பது அவனுக்கும் இனிப்பான செயலன்று என்பதை அம்மக்கள் மறைக்கவில்லை.

பெரும் சோதனை

1980களின் பிற்பகுதியில் ஜோசப் கோனி என்பவன் தலைமையில் ஒரு கிளர்ச்சிப்படை தோன்றியது. அது தன் சொந்த மக்களையே வதைத்தது. பல்லாயிரம் சிறுவர் சிறுமியரைக் கடத்திப் படையில் சேர்த்தது. 1996 அக்டோபரில் ஓரிரவு, அச்சோலி நாட்டிற்கு அருகிலுள்ள அபோக்கே ஊரில், புனித மரியன்னை கல்லூரி என்னும் கத்தோலிக்கப் பெண்கள் விடுதிப் பள்ளியிலிருந்து 139 மாணவியரைப் பிடித்துச் சென்றது. துணைத் தலைமையாசிரியையான இத்தாலியக் கன்னியர் சகோதரி ரக்கேலே, ஓர் ஆசிரியரை உடனழைத்துக்கொண்டு காட்டுக்குள் பின்தொடர்ந்தார். மன்றாடி 109 பேரை மீட்டார். 30 பேரைப் படையினர் விடவில்லை. அவர்களும் நம்மைப் போன்ற பள்ளி மாணவியரே என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்த பிள்ளைகளை ஊரார் எவ்வாறு ஏற்றனர்? வாசலில் ஒரு முட்டையை வைத்து, அதை மிதித்து உள்ளே வரச்செய்தனர். இதுவும் அவர்களின் பழைய சடங்கே. வெளியே பட்ட மாசு நீங்கி மீண்டும் வீட்டுப் பிள்ளையாவதை இது குறிக்கும். 2007 ஜூன் 29இல் ஜூபா நகரில் அரசும் கிளர்ச்சியாளரும் செய்த ஓர் உடன்பாட்டிலும் மாட்டோ ஓபுட் பெயர் பெற்றது. ஆயினும் 2008இல் இறுதி ஒப்பந்தத்தில் கோனி கையொப்பமிடவில்லை.

இச்சடங்கு போதுமா?

யார் யாரைக் கொன்றார் என்று தெரிந்தால்தான் இரு குலத்தாரை எதிரெதிரே மண்டியிடச் செய்ய முடியும். போரிலோ கொன்றவனுக்கு இறந்தவரின் பெயரும் தெரியாது. துன்புற்றோரில் வேறு இனத்தவரும் இருந்தனர். மேலும், இச்சடங்கு கொலைக்கென ஏற்பட்டது. கடத்திச் செல்லப்பட்ட பெண்களுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு அதில் இடமில்லை. அப்படைத்தலைவருள் ஒருவரான டொமினிக் ஓங்வென், சிறுவயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் கடத்தப்பட்டவர். அவருக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2021இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனைக்குப் பதிலாக மரபுச் சடங்கை ஏற்க நீதிபதிகள் இணங்கவில்லை. பெண்களுக்கு இழைத்த கொடுமைகளும் அத்தீர்ப்பில் குற்றங்களாக எண்ணப்பட்டன.

முடிவுரை

நீதிமன்றம் வேண்டியதே. ஆனால், சிறைக்கதவு மூடியபின்னும் இரு வீட்டார் ஒரே ஊரில் வாழ வேண்டுமே! அவர்களை ஒரே பந்தியில் அமரச் செய்ய எந்தத் தீர்ப்பாலும் இயலாது. உண்மையை ஒப்புக்கொள்ளுதல், ஈடு செய்தல், சேர்ந்து உண்ணுதல் என்னும் மூன்றையும் அச்சோலி முதியோர் இந்த வரிசையிலேயே வைத்தனர். முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் கேட்பது சமாதானமாகாது. நம் வீட்டிலும் வகுப்பிலும் எழும் சிறு பூசல்களுக்கும் இவ்வரிசை பொருந்தும் என்பதே என் கருத்து.