முதலில் போட்டால் முதலுக்கே மோசமா?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தெருவுக்கொரு கல்வி ஆலோசகர் முளைத்துவிடுகிறார். பக்கத்து வீட்டு மாமாவில் தொடங்கி, வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பும் முகம் தெரியாத அண்ணன்வரை எல்லாருக்கும் பொறியியல் கலந்தாய்வு அத்துப்படி. அவர்கள் சொல்வதில் பாதி, 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறுவதற்கு முந்தைய கதை. மீதி வெறும் பயம்.

நம்பிக்கை: "கிடைக்காத காலேஜை முதல் சாய்ஸாகப் போட்டால், கிடைக்கிறதும் போய்விடும்."

பிள்ளைகளின் வாய்ப்பை இந்த வதந்தி கெடுத்த அளவுக்கு வேறெதுவும் கெடுத்ததில்லை. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒதுக்கீட்டின்போது கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் மகளின் முறை வரும்போது அவள் போட்ட பட்டியலை மேலிருந்து படிக்கிறது. முதல் விருப்பத்தில் பொதுப் பிரிவிலோ அவளுடைய வகுப்புப் பிரிவிலோ இடமில்லை என்றால் இரண்டாவதைப் பார்க்கிறது. அங்கும் இல்லையென்றால் மூன்றாவது. எங்கே இடம் இருக்கிறதோ அதை ஒதுக்கிவிட்டு அடுத்த மாணவருக்குப் போகிறது. கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டாள், கிடைக்கவில்லை; ஆறாவதாகப் போட்ட கோவைக் கல்லூரியில் இடம் இருக்கிறது என்றால் அது அவளுக்குத்தான். அவளைவிடத் தரவரிசையில் பின்னால் இருக்கும் ஒரு பையன் அதே இடத்தை முதல் விருப்பமாகப் போட்டிருந்தாலும் அவளை முந்த முடியாது. ஆசைப்பட்டதை மேலே போடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வருவது பயந்து போடும்போதுதான். "இது கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று சுமாரான கல்லூரியை உச்சியில் வைத்தால், கணினி அதைக் கொடுத்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ளும். கீழே நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் அது கண்ணெடுத்துப் பார்க்காது. "இந்த இடத்தை ஏற்கிறேன், மேலே காலியானால் மாற்றுங்கள்" என்று கேட்கும் 'அப்வர்ட்' வசதியும் கைகொடுக்காது. அது பட்டியலில் மேலே உள்ளவற்றுக்கு மட்டுமே நகர்த்தும். அப்படி மேலே கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'இதுவும் இருக்கட்டும், அதுவும் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம். பத்தோடு நிறுத்திவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். எண்ணிக்கைக்காக, போகவே விரும்பாத கல்லூரிகளையும் சேர்த்துவிட்டு அதுவே கிடைத்து அழும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு வரியையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: இது மட்டும் கிடைத்தால் சேர்வாளா? மாட்டாள் என்றால் எடுத்துவிடுங்கள்.

நம்பிக்கை: "போன வருஷம் 182க்குக் கிடைத்தது, நமக்கு 184, கவலையே இல்லை."

கட்-ஆஃப் என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று மொத்தம் 200க்குக் கணக்கிடுவது. வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் மேலே கூட்டம் சேரும். அதே 184 வெகுதூரம் பின்னால் தள்ளப்படும். ஆகவே மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். தரவரிசை எண்ணையும் கம்யூனிட்டி ரேங்க்கையும் எடுத்துக்கொண்டு, முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த ரேங்க்குக்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்று பாருங்கள். அப்போதும் அது உத்தேசம்தான்.

நம்பிக்கை: "ரேண்டம் நம்பர் பெரிதாக வந்திருக்கிறது, நல்ல காலேஜ் கிடைக்கும்."

கட்-ஆஃப், பாட மதிப்பெண்கள், பிறந்த தேதி எல்லாமே இருவருக்கு ஒன்றாக இருந்தால் மட்டும் யார் முன்னால் என்று தீர்க்க உதவும் எண் அது. ஆண்டுதோறும் அது வெளியாகும் நாளில் வீடுகளில் நடக்கும் கொண்டாட்டமும் துக்கமும் தேவையில்லாதவை.

நம்பிக்கை: "போர்டிலேயே அண்ணா யுனிவர்சிட்டி என்று இருக்கிறதே!"

சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரிகள் நான்கு. கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றோடு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் சேர்த்தி. பலகையில் அந்தப் பெயரைத் தாங்கிய தனியார் கல்லூரிகள் இணைப்புப் பெற்றவை. பட்டத்தைக் கொடுப்பது பல்கலைக்கழகம், பாடம் நடத்துவது அந்தக் கல்லூரி. அது எப்படி நடத்துகிறது என்று அறிய ஒவ்வொரு பருவத் தேர்வின் தேர்ச்சி விகிதமும் வெளியாகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே வினாத்தாள் தயாரித்துத் தாமே திருத்துவதால் அவற்றின் விகிதத்தை இதோடு ஒப்பிட்டுப் பயனில்லை. நாக் அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் உரியது, என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி, ஒரு செட் மாணவர்கூடப் படித்து முடிக்காத செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு ஆள் பிடிப்பவர்கள் உண்டு.

நம்பிக்கை: "இப்போதே அட்வான்ஸ் கட்டாவிட்டால் சீட் போய்விடும்."

நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்கே. அந்த ஒதுக்கீட்டில் வருபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டி, கலந்தாய்வுக்கு வெளியே கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த குடும்பம், இலவசமாகக் கிடைக்கக்கூடியதைக் கடன் வாங்கி வாங்குகிறது.

"சாய்ஸ் ஃபில்லிங்கை நாங்களே செய்து தருகிறோம், பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்கள்" என்று வருகிறவர் எந்தக் கல்லூரியை உச்சியில் வைப்பார் என்று இனி உங்களுக்கே புரியும். பாஸ்வேர்டும் ஓடிபியும் வீட்டைத் தாண்ட வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாவட்டங்களில் இருக்கும் அரசின் கலந்தாய்வு உதவி மையத்துக்குப் பிள்ளையோடு போய்க் கேளுங்கள், காசு கிடையாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், கொடுத்த கெடுவுக்குள் உறுதி செய்துவிடுங்கள். தவறவிட்டால் அந்த இடம் கைவிட்டுப் போய்விடும்.